நாற்பத்தொன்றாவது அர்த்தம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று. சரிபார்ப்பவர் அந்தத் தாளைத் துணை ஆசிரியையின் மேஜைமீது கவிழ்த்து வைத்தார்.

“இந்தப் புஸ்தகமே உலகத்துல இல்லை, மேடம்.”

அவள் தாளைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள். பின்பக்கம் எழுதும் பக்கம். நான்காக வெட்டியதில் ஓரம் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அந்த வெட்டு யாருடையது என்று அந்த அலுவலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது மாடி. ஒரே நீள அறை. சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள், பெட்டி முழுக்கத் தாள்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லும் பெரிய அகராதி அங்கே இருபத்து மூன்று வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. தொடங்கியபோது பதினெட்டுப் பேர். இப்போது மூன்றே பேர். தலைமை ஆசிரியர், துணை ஆசிரியையான இவள், சரிபார்ப்பவர். இந்த வருடம் எப்படியும் அச்சுக்குப் போயாக வேண்டும். தலைமை ஆசிரியர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி இவளுக்குத்தான் என்று மேஜை துடைக்கிறவர் வரைக்கும் பேச்சு.

அகராதி வேலைக்கு ஒரு கறார் உண்டு. ஓர் அர்த்தம் உள்ளே ஏற வேண்டுமானால் அச்சில் வந்த வாக்கியம் ஒன்று அதற்குச் சாட்சி நிற்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி. வாய்ச்சொல் அம்பலம் ஏறாது. இப்படி வாக்கியம் தேடி எழுதி அனுப்புவதற்கென்றே பல ஊர்களில் சம்பளமில்லாத வாசகர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு எண். அகராதியின் முதல் பக்கங்களில் எண் வரிசைப்படி அவர்கள் பெயர் அச்சாகும். கூலி என்றால் அது மட்டும்தான்.

கவிழ்ந்து கிடந்த தாளின் மூலையில் இருந்த எண் முப்பத்தொன்று.

நான்கு மாதமாக அவள் கையில் இருந்த சொல் ‘செக்’. பள்ளிக்கூடம் போகாதவனும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற சொல். அதன் பிறப்பைத் தோண்டப் போனால் அரண்மனையில் போய் நிற்கும். பாரசீகத்தில் அரசனுக்கு இருந்த பெயர்தான் சதுரங்கப் பலகைமேல் ஏறியது. ‘அரசே, உனக்கு ஆபத்து’ என்று எதிராளி கொடுக்கும் குரல் ஆனது. அரபி வழியாக நடந்து, பழைய பிரெஞ்சில் உருமாறி, ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அரசன் காணாமல் போயிருந்தான். ஆபத்து மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அந்தச் சொல்லுக்குக் கை கால் முளைத்தது. தடுத்து நிறுத்துவது செக். தடுத்து நிறுத்திச் சோதிப்பது செக். பலகையின் கட்டங்கள் துணியில் இறங்கியபோது அதுவும் செக். கட்டம் போட்ட விரிப்பின்மேல் காசு எண்ணியவர்களின் கஜானா அலுவலகத்துக்கு அந்தக் கட்டத்தின் பெயரே வந்து, கடைசியில் வங்கிக் காசோலையின் ஆங்கில எழுத்தைக்கூடக் கொஞ்சம் கோணலாக்கியது. ஏவிய இரையை விட்டுவிட்டு வழியில் போன அற்பப் பறவையைத் துரத்துகிற வேட்டைப் பருந்தின் குற்றத்துக்கும் அதே சொல். மோப்பத்தைத் தவறவிட்டு வேட்டைநாய் திகைத்து நிற்பதற்கும் அதே சொல்.

நாற்பது அர்த்தம் சேர்த்திருந்தாள். கவிழ்ந்து கிடந்தது நாற்பத்தொன்றாவது. மரக்கட்டை காயும்போது விழும் வெடிப்பு.

தாளில் இருந்தது ஒரு கப்பல் தச்சனின் நினைவுக் குறிப்புகள் என்ற புத்தகம், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. சரிபார்ப்பவர் ஏழு நூலகங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தார். அப்படி ஒரு தச்சன் கப்பலும் கட்டவில்லை, புத்தகமும் எழுதவில்லை.

இதற்கு விதி இருந்தது. பொய்ச் சாட்சி ஒன்று பிடிபட்டால், அந்த வாசகரின் அத்தனை தாளும் பெட்டியிலிருந்து வெளியே. பட்டியலில் பெயர் கிடையாது. விசாரணையில் அவர் அச்சில் வந்த அசல் ஆதாரம் காட்டினால் மட்டும் முதல் தவறு என்று மன்னிக்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன்பு இந்த விதியை எழுதியவள் இவளேதான். அப்போது இவளுக்கு மேலே இருந்த துணை ஆசிரியர் வாக்கியங்களைச் சொந்தமாகவே தயாரிக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் இவள்தான். விதி முதலில் அவர் தலையில் விழுந்தது. அவர் நாற்காலி காலியானது. இவள் உட்கார்ந்தாள்.

தான் வெட்டிய பள்ளம். இப்போது அதில் கால் வைத்து நின்ற முப்பத்தொன்றாம் எண் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

இன்னொரு விதியும் உண்டு. வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர் வாசகராக இருக்கக் கூடாது. மறைத்தால் வேலை போகும். அண்ணன் தாள் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த விதி வந்தது. அன்றே சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் சொந்தத்தைச் சொன்னால் அண்ணன் என்ன செய்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். மர அறுப்பு ஆலையில் கட்டைகளுக்குத் தரம் போடுகிறான், பத்தாவதோடு படிப்பை விட்டவன், இடது கையில் இரண்டு விரல் இல்லை என்பதையெல்லாம். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று அவள் அலுவலகத்தில் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். பொய்யை வளர்க்கச் சிரமமே இல்லை. தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

சரிபார்ப்பவரிடம் இரண்டு நாள் தவணை கேட்டாள். அவர் தயங்கிவிட்டு, தலைமை ஆசிரியர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இந்தக் கதையில் அதற்கு மேல் வேலை இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேருந்து மாறி ஆலைக்குப் போனாள். கப்பலில் வந்திறங்கிய பெரிய கட்டைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. அறுவை இயந்திரத்தின் கூச்சலில் பேச்சே எடுபடாது. அண்ணன் நீலச் சுண்ணக்கட்டியால் கட்டைகளின் முனையில் குறி போட்டுக்கொண்டு வந்தான். மரத்தூள் புருவத்தில், காது மடலில், சட்டைப் பையில். தங்கச்சியைப் பார்த்ததும் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. அவள் ஆலைப் பக்கம் வந்து வருஷம் நாலாகிறது.

முதல் கேள்வியே பட்டியல் அச்சாகிவிட்டதா என்பதுதான். அவன் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போடுவார்களா, ஒன்று போடுவார்களா என்று வீட்டில் ஒரு வாரமாக விவாதமாம். இரண்டும் போட்டால்தான் அப்பா பேரும் ஊர்ப் பேரும் உள்ளே வரும் என்பது அண்ணியின் கட்சி. பன்னிரண்டு வருடமாக நாட்காட்டித் தாளை வெட்டிக் கொடுத்தவள் அண்ணி. தன் பேரையும் ஓரமாகப் போடச் சொல்லி, ‘வெட்டியவர்: மனைவி’ என்று போட்டால் போதும் என்று கிண்டல் பண்ணுகிறாளாம்.

அவள் கப்பல் தச்சனைப் பற்றிக் கேட்டாள்.

அண்ணன் கொஞ்சமும் கூசவில்லை. அப்படி ஒரு புஸ்தகம் கிடையாது என்று ஒப்புக்கொண்டான். அந்த வார்த்தையை இருபத்தாறு வருடமாகத் தினமும் கையால் தடவிப் பார்க்கிறான், ஆனால் எந்தப் புஸ்தகத்திலும் கண்ணில் படவில்லை. புஸ்தகம் இல்லாமல் அனுப்பினால் நீங்கள் குப்பையில் போடுவீர்கள். அதனால் ஒரு புஸ்தகத்தை உண்டாக்கினேன் என்றான்.

“விஷயம் நிஜம் பாப்பா. புஸ்தகம்தான் பொய். வெடிப்பு இல்லைன்னு எவன் சொல்லுவான்? வா, காட்டறேன்.”

இழுத்துக்கொண்டு போய் ஒரு கட்டையின் முனையைக் காட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். இந்த ஒரு தாளுக்காக மொத்தமும் போகும் என்று சொன்னாள். பன்னிரண்டு வருஷம், பதினோராயிரத்துச் சொச்சம் தாள், பட்டியலில் பெயர், எல்லாம்.

அண்ணன் சுண்ணக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

“அச்சுல இருக்கிற ஒண்ணு வேணும், அவ்வளவுதானே?”

தகரக் கொட்டகைக்குள் போனான். வெளிநாட்டுக் கட்டைகளோடு கூடவே வரும் தர அறிக்கைகள் அங்கே கம்பியில் குத்திக் கிடந்தன. வழவழப்பான தாளில் அச்சடித்தவை. கட்டை எண், நீளம், சுற்றளவு, குறைகள். குறைகள் பத்தியில் அந்த ஆங்கிலச் சொல் தெளிவாக அச்சாகி, பக்கத்தில் எண் மட்டும் போட்டிருந்தது. கீழ் மூலையில் ஆலையின் ரப்பர் முத்திரை. இது புஸ்தகம் மாதிரி இல்லையே என்றுதான் இத்தனை நாள் அவனுக்கு இதைக் கொடுக்கத் தோன்றவில்லை.

அச்சு என்றால் அச்சுதான். கப்பல் தச்சனை எடுத்துவிட்டு இந்த அறிக்கையிலிருந்து ஒரு புதுத் தாள் எழுதி வைத்தால் போதும், சரிபார்ப்பவர் கண்டுகொள்ள மாட்டார். மலைபோல வந்தது பனிபோல விலகியது என்று நினைத்தபடி அவள் பேருந்தில் ஏறினாள். ஆனால் அது விலகவில்லை. திரும்பி வந்தபோது மேஜைமீது அந்தத் தாள் இல்லை.

தலைமை ஆசிரியரின் அறையில் இருந்தது.

அவருக்கு அலுவலகத்தில் கடுக்காய் என்று பெயர். முகம் எப்போதும் அதை மென்றதுபோல இருப்பதால் ஒரு பாதி. ஆளைப் பேச்சில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியை உருவுகிற சாமர்த்தியத்தால் மறு பாதி. அவர் தாளை விளக்கின் எதிரில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘செக்’ என்ற சொல்லின் நாற்பத்தோரு அர்த்தங்களில் பதினேழுக்கு இந்த முப்பத்தொன்று மட்டுமே சாட்சி என்பதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். கவனித்தேன் என்றாள். ஆளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியாச்சு. உங்க விதி, உங்க சொல். நீங்களே விசாரிங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

இதுவரை எந்த வாசகரையும் அந்த மாடிக்குக் கூப்பிட்டதில்லை. தர அறிக்கை கைப்பைக்குள் இருந்தது. அதை இப்போது எடுத்து வைத்தால் முத்திரை பேசும். ஆளைத் தெரியாது என்றவளுக்கு ஆலையின் காகிதம் எங்கிருந்து கிடைத்தது?

அன்று மாலை அண்ணனுக்குத் தொலைபேசினாள். விசாரணைக்கு வரும்போது தன்னைத் தெரியாததுபோல இருக்கச் சொன்னாள். காரணமும் சொன்னாள்: தெரிந்தால் என் வேலை போகும். அண்ணன் அதற்குச் சிரித்தான். அதற்கென்ன, நடித்துவிட்டால் போயிற்று என்றான். அறிக்கையை மட்டும் சமயம் பார்த்து எடுத்து வைத்துவிடு, எப்படி என்பது உன் சாமர்த்தியம் என்றான். படிச்ச பிள்ளை, உனக்குச் சொல்லித் தரணுமா?

வெள்ளிக்கிழமை அவன் வெளுத்த சட்டை போட்டு வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. காதோரம் மட்டும் மரத்தூள் போகவில்லை. கூடவே அண்ணி. பட்டியலில் பேர் வரப்போகிற மனிதரைத் தனியாக அனுப்ப முடியாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அண்ணியை வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

அண்ணன் நன்றாகவே நடித்தான். வணக்கம் மேடம் என்றான். விரல் இல்லாத கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். தகரப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்து, இத்தனையிலும் நம்முடையது எங்கே இருக்குங்க என்று சரிபார்ப்பவரைக் கேட்டான். எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது என்று அவர் சொன்னதும், கோயிலுக்கு வந்தவன்போலக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

அவள் தாளைக் காட்டிப் புத்தகம் எங்கே என்று கேட்டாள். இல்லை, நான்தான் எழுதினேன் என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டான். அர்த்தம் மட்டும் சத்தியம் என்றான்.

கடுக்காய் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அசல் ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“இருக்குங்க. அச்சடிச்சதே இருக்கு.”

“எங்க?”

“கொடுத்து...” என்று தொடங்கிய அண்ணன் நிறுத்தினான். ஒரு கணம் தங்கச்சியைப் பார்த்தான். பிறகு பார்வையைச் சுவர்ப் பெட்டிக்கு மாற்றினான். “தபால்ல அனுப்பினேனுங்க. மேடம் பேருக்கு.”

அதைவிட அழகாக யாரும் பந்தை எடுத்துக் கொடுக்க முடியாது. அறிக்கையை அவள் காலையிலேயே இழுப்பறைக்கு மாற்றியிருந்தாள். தபாலில் வந்தது என்று சொல்லி அதைத் திறந்தால் போதும். முத்திரைக்குக்கூடக் காரணம் கிடைத்துவிட்டது. விதியிலேயே மன்னிப்பு இருக்கிறது. அவள் கை இழுப்பறைக் கைப்பிடிக்குப் போனது.

“வந்துச்சா?” என்றார் கடுக்காய். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல, கையை.

இழுப்பறையில் இருந்த அறிக்கையில் மடிப்பு விழுந்திருந்தது, கைப்பைக்காக அவள் மடித்த மடிப்பு. உறை கிடையாது. தபால் வரவுப் பதிவேட்டில் பதிவு கிடையாது. அந்தப் பதிவேட்டை எழுதுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கூட்டிவரும். கடைசிக் கேள்வி நாற்காலியைக் கேட்கும்.

“அப்படி எதுவும் வரலை சார்” என்றாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடிப்புக் கலைந்துவிடும் என்பதுபோலப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விதியை வாசித்தாள். எழுதியவளே வாசித்ததால் நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் சரியாக நிறுத்தினாள்.

வெளியிலிருந்து அண்ணி எழுந்து வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா? மேடத்துக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டா?”

சரிபார்ப்பவர் இதென்ன கேள்வி என்பதுபோல நிமிர்ந்தார். கடுக்காய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இல்லை” என்றாள் அவள்.

“அதான பாத்தேன்” என்றாள் அண்ணி. “இருந்திருந்தா ஒரு தாளைக் கிழிக்கறதுக்கே கை கூசியிருக்கும்.”

தண்டனை அதோடு முடிந்திருக்கலாம். கடுக்காய் முடியவிடவில்லை. பதினோராயிரம் தாளைப் பொறுக்கி எடுக்க இங்கே ஆள் இல்லை, தன் கையெழுத்தைத் தானே அடையாளம் காண்பவர் வந்து எடுத்துக் கொடுத்தால் நல்லது என்றார். எடுத்து முடித்ததும் ஒரு கையெழுத்து. அண்ணன் மறுக்கவில்லை. ஆலையில் ஆறு நாள் விடுப்புச் சொன்னான்.

திங்கட்கிழமை முதல் அவன் தகரப் பெட்டிகளின் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். மூன்று விரல் கையால் பெட்டியைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் தாள்களைத் தள்ளிக்கொண்டே போவான். முப்பத்தொன்று வந்ததும் உருவுவான். உருவிய தாளைச் சரிபார்ப்பவரிடம் நீட்டுவான். தாள் போனாலும் வாக்கியம் புத்தகத்தில் இருக்கிறது அல்லவா? வேறு சாட்சி இல்லாத தாளானால் சரிபார்ப்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதே வாக்கியத்தை அலுவலகத் தாளில் அலுவலக எண்ணோடு எழுதிக்கொள்வார். பிறகு அண்ணனின் தாளைக் கிழிப்பார். முதல் நாள் முழுக்க இது நடந்தது. இரண்டாம் நாள் சரிபார்ப்பவருக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு கிழித்துக்கொள்கிறேன் என்றார். இப்பவே கிழிங்க சார், எண்ணிக்கை தப்பிடும் என்றான் அண்ணன்.

பதினைந்தடி தூரத்தில் அவள் ‘செக்’ எழுதி முடித்தாள். நாற்பதும் சுத்தம். நாற்பத்தொன்றாவதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. வேறு எந்த அகராதிக்காரனும் தமிழில் எழுதாத அர்த்தம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். தர அறிக்கையை எடுத்தாள். முத்திரை இருந்த மூலையைக் கத்தரித்தாள். வீட்டுக்குப் பக்கத்துப் பலகைக் கடையில் தற்செயலாகக் கிடைத்தது என்று குறித்தாள். அறிக்கையில் சொல்லும் எண்ணும் தவிர விளக்கம் ஒன்றும் இல்லை. அண்ணனின் தாளைப் பார்க்கலாம் என்றால் அது முதல் நாளே கிழிபட்டுவிட்டது. ஆலையில் ஒரு பார்வை பார்த்ததை நினைவுபடுத்தி எழுதினாள். திரட்டியவர் என்ற இடத்தில் தன் பெயர்.

வியாழக்கிழமை கடுக்காய் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஓர் உறையைக் காட்டினார். அவருக்குப் பின் யார் என்பதற்கான சிபாரிசுக் கடிதம். உள்ளே அவள் பெயர்.

“பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியும்” என்றார். “அவர் கையும் உங்க கையும் ஒண்ணு. றகரத்துக்கு வாலைச் சுழிக்கிற விதம். ஒரே ஆள்கிட்டக் கத்துக்கிட்ட கை, இல்லாட்டி ஒருத்தர்கிட்ட இன்னொருத்தர் கத்துக்கிட்ட கை.”

இரண்டாவதுதான். பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் அண்ணன் தன் பழைய நோட்டுகளை வைத்து அவளுக்கு எழுத்துப் பழக்கினான். அவள் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஏன் சார் அன்றைக்கு, என்று மட்டும் கேட்டாள்.

“சொந்தத்தை வெட்ட முடியாதவங்க சொல்லை எப்படி வெட்டுவாங்க? இந்த நாற்காலில உக்காந்தா தினம் நாலு பேர் சாபம் வாங்கணும். வாங்குவீங்களான்னு பாத்தேன்.” உறையை நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார். “உண்மையைச் சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்காது. அந்த விதியைத் தளர்த்தற அதிகாரம் எனக்கு இருக்கு. நீங்க கேக்கலை.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் கடைசிப் பெட்டி. சரிபார்ப்பவர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். கடுக்காயின் அறை பூட்டியிருந்தது. ஆறு நாளில் முதல் முறையாக அண்ணனும் தங்கச்சியும் மட்டும் அந்த அறையில். அவள் எழுந்து வந்தாள். பேச என்னவோ தயார் செய்து வைத்திருந்தாள். நடிப்பு இனி வேண்டாம் என்பதுபோல ஏதோ ஒன்று.

அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அவள் மேஜைமேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அச்சுக்குத் தயாரான ‘செக்’ அட்டை. அதோடு குத்தியிருந்த தர அறிக்கையைப் பார்த்தான். வெட்டிய மூலையைக் கட்டைவிரலால் தடவினான். அண்ணி வெட்டியிருந்தால் இவ்வளவு கோணல் வந்திருக்காது. பிறகு அட்டையை வாசித்தான். நாற்பத்தொன்றாவதற்கு வந்ததும் உதடு அசைய வாசித்தான்.

‘மரத்தின் வளையங்களுக்கு இடையே, வளையத்தின் போக்கிலேயே சுற்றி ஓடும் பிளவு.’

அது அந்த வெடிப்பு இல்லை. காயும்போது விழுவது வளையங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே ஓடும். வளையத்தோடு சுற்றி ஓடுவது வேறு குறை. மரம் நிற்கும்போதே காற்றில் ஆடி வருவது. அதற்குப் பேரும் வேறு. முதலாவது இருந்தால் கட்டையைப் பலகையாக்கலாம். இரண்டாவது இருந்தால் அடுப்புக்குத்தான். ஆலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இதை மாற்றிச் சொன்னவனை மேஸ்திரி வாசலோடு அனுப்பியிருக்கிறார்.

அண்ணன் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“இதை யார் எழுதினது மேடம்?”

அவளுக்கு அந்த ‘மேடம்’ சுருக்கென்றது. “நான்தான்.”

“நேர்ல பாத்து எழுதினதா?”

சும்மாவா கேட்டான்? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறிக்கையைத் திருடியதைக் குத்திக்காட்டுகிறான் என்று அவள் நினைத்தாள். சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அது யாருடையது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“ஆமா. நல்லாப் பாத்துத்தான் எழுதினேன்” என்றாள்.

அண்ணன் தலையாட்டினான். மெதுவாக, இரண்டு தடவை. அட்டையை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தான்.

“நல்லா இருக்கு மேடம். இப்படியே போடுங்க.”

படிவத்தில் கையெழுத்துப் போட்டான். றகரத்தின் வால் வழக்கம்போலச் சுழித்தது. படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் ஒரே வேகத்தில் கேட்டது.

அடுத்த வாரம் அட்டை அச்சுக்குப் போனது. அதற்கடுத்த மாதம் அவள் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் கழித்து அகராதி வந்தது. முதல் பக்கங்களில் வாசகர் பட்டியல். முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டு. ‘செக்’ பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஓர் அரசனின் பெயர் கட்டையில் விழும் பிளவு வரைக்கும் வந்த கதை என்று ஒரு வாரப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கி, நாற்பத்தொன்றாவதை மட்டும் தனிக் கட்டம் கட்டிப் போட்டது. அவளுடைய புகைப்படமும் போட்டது.

அந்தப் பத்திரிகையை ஆலை முதலாளி வாங்கியிருந்தார். மரத்தைப் பற்றி ஏதோ வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். வாசித்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். அறுவை இயந்திரம் நின்றிருந்த நேரம். அண்ணன் குனிந்து ஒரு கட்டைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னய்யா இது, தலைகீழா எழுதி வெச்சிருக்காங்க. இதைப் படிச்சிட்டு எவனாவது வந்து நல்ல கட்டையைத் திருப்பி அனுப்பினா யாருக்கு நஷ்டம்? யாருய்யா இந்தப் பொம்பள?”

அண்ணன் நிமிர்ந்து புகைப்படத்தைப் பார்த்தான். நீலச் சுண்ணத்தைக் கையிலிருந்து தட்டினான்.

“தெரியலை முதலாளி” என்றான். “யாரோ படிச்சவங்க.”